கேக்டஸ் செடிகளின் வயது என்ன? வறண்ட நிலத் தாவரங்களின் பூர்வீகத்தை டி.என்.ஏ. காட்டும் விதம்

கேக்டஸ் குடும்பம் சுமார் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தனியாகப் பிரிந்தது என்று ஓர் அறிவியல் செய்தியில் படிக்கிறோம். அடுத்த செய்தியில், கேக்டஸ் இனங்களில் பெரும்பாலானவை கடந்த 1 கோடி ஆண்டுக்குள் வந்தவை என்று இருக்கிறது. சில செய்திகள் இரண்டு எண்களையும் ஒரே பத்தியில் போட்டுவிட்டு விளக்கம் இல்லாமல் முடிந்துவிடுகின்றன. எது சரி? இரண்டும் சரிதான். அவை இரண்டு தனித்தனிக் கேள்விகளுக்கான பதில்கள்.

இன்னொரு தவறான எண்ணமும் இதோடு சேர்ந்து வருகிறது. பாலைவனத் தாவரம் என்றாலே ஆதிகாலத்திலிருந்து தாக்குப்பிடித்து நிற்கும் பழைய உயிர் என்று பலரும் நினைக்கிறோம். டி.என்.ஏ. சொல்லும் கதை வேறு. வறண்ட நிலச் செடிகளில் மிகப் பெரிய பகுதி, பரிணாமக் கணக்கில் புதிது. கேக்டஸின் பங்காளிகளோ நம் வீட்டுத் தோட்டத்துக் கீரைகள். இந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஒரே தோற்றம், வேறு குடும்பம்

தமிழ்நாட்டின் கரட்டு நிலங்களில் சதுரக்கள்ளியும் இருக்கிறது, சப்பாத்திக்கள்ளியும் இருக்கிறது. இரண்டிலும் இலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பச்சைத் தண்டே இலையின் வேலையைச் செய்கிறது. உடம்பெல்லாம் முள், உள்ளே நீர். ஆனால் சதுரக்கள்ளி யூஃபோர்பியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. ஆமணக்கும் மரவள்ளியும் அதன் குடும்பம். சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து மனிதர்கள் கொண்டுவந்த கேக்டஸ். குழப்பம் வராமல் இருக்க இனி முதல் வகையைப் பால்கள்ளி என்றும், இரண்டாவதைக் கேக்டஸ் என்றும் சொல்கிறேன்.

கிட்டே போய்ப் பார்த்தால் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும். சதுரக்கள்ளியின் விளிம்பில் முட்கள் ஜோடி ஜோடியாக நிற்கும். கீறினால் வெள்ளைப் பால் வடியும். அது கண்ணில் பட்டால் ஆபத்து. சப்பாத்திக்கள்ளியின் முட்களோ, பஞ்சு படர்ந்த ஒரு சின்னப் புள்ளியிலிருந்து கொத்தாகக் கிளம்பும். அந்தப் புள்ளிக்கு அரியோல் என்று பெயர். உண்மையில் அது குறுகிப்போன ஒரு கிளை; முட்கள் அந்தக் கிளையின் உருமாறிய இலைகள். அரியோல் கேக்டஸ் குடும்பத்தின் அடையாளம். சப்பாத்திக்கள்ளியைக் கீறினால் பால் வராது, வழவழப்பான கோந்துதான் வரும்.

வேறு வேறு பரம்பரையில் வந்த உயிர்கள் ஒரே மாதிரி நெருக்கடியில் ஒரே மாதிரி உருவம் எடுப்பதைக் குவிபரிணாமம் என்கிறார்கள். வறண்ட நிலத்தில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. அதனால் அங்கே உருவத்தை மட்டும் நம்பி உறவு சொல்ல முடியாது.

புதைபடிவங்களும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. ஒரு செடி படிவமாக மாற ஏரிச் சேறோ சதுப்போ வேண்டும். கேக்டஸ் வாழும் இடத்தில் அது அரிது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கிடைத்த ஈயோசீன் காலப் (சுமார் 5.6 கோடி முதல் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) படிவம் ஒன்றை, சப்பாத்திக்கள்ளியின் மூதாதை என்று கருதி 1944-ல் ஈயோபுன்ஷியா என்று பெயரிட்டார்கள். 1962-ல் அதை மறுபடி ஆராய்ந்தபோது, கோரை வகைச் செடியின் கிழங்கு என்று தெரியவந்தது. வட அமெரிக்கப் பாலைகளில் ஒருவகை எலிகள் சேர்த்துவைத்த பழைய குப்பைகளில் கேக்டஸ் முட்கள் கிடைக்கின்றன. அவை சில பத்தாயிரம் ஆண்டுப் பழசு, அவ்வளவுதான். கோடிக்கணக்கான ஆண்டுகளைப் பற்றிய கேள்விக்கு அது போதாது.

டி.என்.ஏ.வில் வம்சம் படிப்பது எப்படி

பழைய நூலைப் பதிப்பிக்கிறவர்கள் பல ஊர்ச் சுவடிகளை வைத்துக்கொண்டு பாடபேதம் பார்ப்பார்கள். இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டும் ஒரே மூலப் பிரதியிலிருந்து எழுதப்பட்டவை என்று ஊகிப்பார்கள். டி.என்.ஏ. ஆய்வின் தர்க்கமும் இதுதான். வேலை நடக்கும் வரிசை இப்படி:

1. எதை வாசிப்பது என்று முடிவு செய்வது. தாவரச் செல்லில் மூன்று இடங்களில் டி.என்.ஏ. இருக்கிறது: உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம். பசுங்கணிகத்தில் பெரும்பாலும் சுமார் 1,50,000 எழுத்துகள். ஒரே செல்லில் ஏராளமான பிரதிகள் கிடைக்கும், மாற்றமும் மெதுவாக நடக்கும். அதனால் ஆரம்பகால ஆய்வுகள் பெரும்பாலும் இதைத்தான் நம்பின. கேக்டஸில் டி.என்.ஏ. எடுப்பதே ஒரு பாடு. மேலே சொன்ன அந்த வழவழப்புக் கோந்து டி.என்.ஏ.வோடு சேர்ந்து வந்து அடுத்தடுத்த வேதிவினைகளைக் கெடுத்துவிடும்.

2. ஒரே பகுதியைப் பல இனங்களில் வாசித்து, எழுத்துக்கு எழுத்து அடுக்கிப் பார்ப்பது.

3. மாற்றங்களைப் பகிர்ந்துகொள்ளும் இனங்களை ஒரு கிளையாகச் சேர்த்து மரம் வரைவது. எது பழைய நிலை, எது புதிய மாற்றம் என்று தெரிய, குடும்பத்துக்கு வெளியே உள்ள ஓர் உறவுச் செடியையும் சேர்த்துக்கொள்வார்கள்.

4. வயது போடுவது. எழுத்து மாற்றங்கள் காலத்தோடு சேர்ந்துகொண்டே போவதால் அவற்றை வைத்துக் காலத்தைக் கணிக்கலாம் என்ற யோசனையை 1960-களில் எமில் சுக்கர்கண்டலும் லைனஸ் பாலிங்கும் முன்வைத்தார்கள். இதற்கு மூலக்கூறுக் கடிகாரம் என்று பெயர்.

நான்காவது படியில்தான் கவனம் வேண்டும். இந்தக் கடிகாரம் எல்லாச் செடியிலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சில மாதத்தில் பூத்துக் காய்க்கும் சிறு செடியில் மாற்றம் வேகமாகச் சேரும். பல பத்தாண்டு கழித்துப் பூக்கும் செடியில் மெதுவாகச் சேரும். கேக்டஸுக்கு நம்பகமான பழைய படிவம் இல்லாததால், படிவம் உள்ள மற்றப் பூக்கும் தாவரங்களோடு சேர்த்து ஒரு பெரிய மரம் வரைந்து, அவற்றின் வயதை இங்கே இறக்கிக்கொள்கிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் வரும் வயது ஒவ்வொன்றுக்கும் முன்பின் சில லட்சம் முதல் பல பத்து லட்சம் ஆண்டு வரை விளிம்பு உண்டு. ஓர் ஆய்வில் 3.5 கோடி என்றும் இன்னொன்றில் 3.2 கோடி என்றும் வந்தால் அதை முரண்பாடாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எழுத்து மாற்றம் தவிர, அபூர்வமான பெரிய மாற்றங்களும் சாட்சி சொல்லும். பசுங்கணிகத்தில் உள்ள ஒரு மரபணுவுக்கு நடுவே வரும் இடைத்துண்டு, கேக்டஸின் மிகப் பெரிய துணைக்குடும்பத்தில் காணாமல் போயிருக்கிறது. 1996-ல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு, அந்தத் துணைக்குடும்பம் முழுவதும் ஒரே மூதாதையிலிருந்து வந்தது என்பதற்கு வலுவான ஆதாரம். அப்புறம் 2015-ல், அரிசோனாவின் பிரம்மாண்டமான சகுவாரோ கேக்டஸின் பசுங்கணிகத்தை முழுதாக வாசித்தபோது அதில் ஏறக்குறைய 1,13,000 எழுத்துகள்தான் இருந்தன. மற்றச் செடிகளில் இரண்டு பிரதியாக இருக்கும் ஒரு பெரிய துண்டில் ஒரு பிரதியையும், ஒரு மரபணுக் கூட்டத்தையே முழுதாகவும் அது இழந்திருக்கிறது.

கேக்டஸின் பங்காளிகள்

டி.என்.ஏ. மரத்தில் கேக்டஸுக்கு மிக அருகே நிற்பது பருப்புக்கீரையின் குடும்பம். வீட்டு வாசலில் வளர்க்கும் டேபிள் ரோஸும் அதே குடும்பம்தான். சற்றுத் தள்ளி, அதே பெரிய கிளையில், கொடிப்பசலையும் சிலோன் பசலையும் இருக்கின்றன. சமையலறைக்கு வரும் கீரைக்கும் மெக்சிகோவின் முள் தூணுக்கும் பொது மூதாதை பக்கத்திலேயே இருக்கிறது.

நிறத்திலும் இந்த உறவைப் பார்க்கலாம். சப்பாத்திக்கள்ளிப் பழத்தைப் பிய்த்தால் விரலில் ஒட்டும் அந்த அடர் சிவப்பு, பீட்டாலெயின் என்ற நிறமி. செம்பருத்தியிலும் கத்தரிக்காய்த் தோலிலும் உள்ள ஆந்தோசயனின் வேறு. பீட்ரூட், சிவப்புத் தண்டுக்கீரை, காகிதப்பூ, கேக்டஸ் எல்லாம் பீட்டாலெயின் செய்யும் ஒரே பெரிய வரிசையைச் சேர்ந்தவை. இந்த இரண்டு நிறமிகளும் ஒரே செடியில் இயற்கையாகச் சேர்ந்து இருப்பதைக் கண்டதில்லை. பால்கள்ளிக்கு இந்த வரிசையோடு நெருங்கிய உறவு இல்லை.

இலையுள்ள கேக்டஸ் சொன்னது

பெரஸ்கியா என்று ஒரு கேக்டஸ் உண்டு. பார்த்தால் சாதாரணப் புதர்; அகலமான இலை, மரத்தண்டு. ஆனால் அரியோலும் அதில் கொத்தாக முள்ளும் இருக்கும். சிங்கப்பூர், மலேசியா பக்கம் மருந்துச் செடியாக வீட்டில் வளர்க்கும் ஆரஞ்சு நிறப் பூவுள்ள முள்செடி இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். கேக்டஸின் மூதாதை இப்படித்தான் இருந்திருக்கும் என்று தாவரவியலாளர்கள் நீண்ட காலமாகக் கருதிவந்தார்கள்.

2005-ல் எரிகா எட்வர்ட்ஸ், ரெட்டோ நைஃபெலர், மைக்கேல் டோனகியூ மூவரும் செல்லின் மூன்று டி.என்.ஏ. தொகுதிகளிலிருந்தும் பகுதிகள் எடுத்து ஆராய்ந்தார்கள். பெரஸ்கியா ஒரே கூட்டம் இல்லை, இரண்டு என்று தெரிந்தது. கரீபியன், மத்திய அமெரிக்கப் பக்கம் வாழும் கூட்டம் மற்ற எல்லாக் கேக்டஸ்களிலிருந்தும் முதலில் பிரிந்தது. தென் அமெரிக்கக் கூட்டமோ இலையற்ற கேக்டஸ்களுக்கு நெருக்கம். முதல் கூட்டத்துக்குப் பிற்பாடு லூயன்பர்கேரியா என்று தனிப் பேரினப் பெயரே கொடுத்துவிட்டார்கள்.

இது வெறும் பெயர் மாற்றம் இல்லை. கேக்டஸ் உருவம் எந்த வரிசையில் உருவானது என்பதை இந்த மரத்திலிருந்து படிக்க முடிகிறது. வடக்குக் கூட்டத்தில் தண்டு சீக்கிரமே பட்டை கட்டிவிடும். தண்டில் இலைத்துளைகள் (செடிக்குள் காற்று போய்வரும் நுண்துளைகள்) இல்லை. தெற்குக் கூட்டத்தில் தண்டில் இலைத்துளைகள் உண்டு, பட்டை கட்டுவது தாமதமாகிறது. தண்டு நெடுநாள் பச்சையாக இருக்கிறது. தண்டு பச்சையாக நின்றால்தான் ஒரு காலத்தில் இலையை விட்டுவிட முடியும். அதற்கான வழி, இலைகள் எல்லாம் இருக்கும்போதே திறந்துவிட்டது. பெரஸ்கியாக்கள் நீரைச் செலவழிக்கும் முறையும் ஏற்கெனவே கேக்டஸுக்கே உரிய சிக்கனத்தில் இருக்கிறது என்று எட்வர்ட்ஸும் டோனகியூவும் 2006-ல் காட்டினார்கள். பழக்கம் முதலில் மாறியது, உருவம் பிறகு வந்தது. என்னைக் கேட்டால், இந்தத் துறையின் மிக அழகான முடிவு இதுதான்.

இரண்டு வயது ஏன்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். மோனிகா அரகாக்கியும் சகாக்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு, உலகின் முக்கியச் சதைப்பற்றுத் தாவரக் (தண்டிலோ இலையிலோ நீரைச் சேர்த்துவைக்கும் செடிகள்) கூட்டங்களை ஒரே கால அளவுகோலில் வைத்துப் பார்த்தது. அதில் கிடைத்தவை:

1. கேக்டஸ் பரம்பரை அதன் நெருங்கிய உறவுகளிடமிருந்து பிரிந்தது சுமார் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன். இது கிளை பிரிந்த வயது.

2. ஆனால் இன்று அதிக இனங்கள் உள்ள கேக்டஸ் கிளைகள் பெருகியது சுமார் 1 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன். இது பெருக்கத்தின் வயது.

3. மெக்சிகோவின் கற்றாழை போன்ற அகேவ்களும், தென் ஆப்பிரிக்காவின் ஐஸ் பிளான்ட் கூட்டமும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் பெருகின.

மூன்று கூட்டங்கள், இரண்டு கண்டங்கள், ஒரே காலம். இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. மயோசீன் காலத்தின் (சுமார் 2.3 கோடி முதல் 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன்) பிற்பகுதியில் உலகம் குளிர்ந்து வறண்டது, புல்வெளிகள் விரிந்தன. காற்றில் கரியமில வாயு குறைந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அந்த ஆய்வின் கருத்து. வறட்சி மட்டுமே காரணம் என்று சொல்வதை எல்லோரும் ஏற்கவில்லை. 2014-ல் வந்த மற்றோர் ஆய்வு, செடியின் வளர்ச்சி வடிவமும், மகரந்தம் சேர்க்க வரும் விலங்கு மாறியதும் கேக்டஸ் பெருக்கத்தோடு சேர்ந்து வருவதைக் காட்டியது. வறட்சி வாசலைத் திறந்தது, பெருகும் வேகத்தை மற்றவை தீர்மானித்தன என்று எடுத்துக்கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஐஸ் பிளான்ட்களின் வேகம் தனியாகச் சொல்ல வேண்டியது. தென் ஆப்பிரிக்காவின் மேற்கே, குளிர்காலத்தில் மட்டும் கொஞ்சம் மழை பெறும் வறண்ட நிலத்தில், இவற்றின் முக்கியக் கிளையில் மட்டும் 1,563 இனங்கள். கல் போலவே தோற்றமளிக்கும் லித்தாப்ஸ் அவற்றில் சேர்ந்தது. 2004-ல் கார்னேலியா கிளாக்கும் இருவரும் செய்த ஆய்வின்படி, இத்தனையும் 38 லட்சம் முதல் 87 லட்சம் ஆண்டுக்குள் வந்தவை.

வயது தெரிந்தால் புவியியல் கேள்வி ஒன்றும் தீர்கிறது. ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் பிரிந்து சுமார் 10 கோடி ஆண்டுகள் ஆகின்றன. கேக்டஸ் அதற்கு வெகு காலம் கழித்து வந்தது. அதனால்தான் ‘பழைய உலகம்’ எனப்படும் ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பாவில் இயற்கையாகக் கேக்டஸ் இல்லை. ஒரே ஒரு விலக்கு, மரத்தில் தொற்றி வளரும் ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா. அது ஆப்பிரிக்காவிலும், மடகாஸ்கரிலும், இலங்கையிலும்கூட உண்டு. கண்டங்களோடு நகர்ந்து வந்ததாக இருக்க முடியாது, காலம் ஒத்துவராது. ஒட்டும் விதையுள்ள அதன் சிறு பழங்களைப் பறவைகள் கடல் கடந்து கொண்டுபோயிருக்கலாம் என்பதே பரவலான விளக்கம்.

காலையில் புளிக்கும் இலை

சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன், ஒரு செடியின் இலை காலையில் புளிக்கிறது, மதியம் சுவையற்றுப் போகிறது, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று எழுதியது 1815-ல் லண்டனில் அச்சானது. நம் வீடுகளில் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று சொல்லும் ரணகள்ளிதான் அந்தச் செடி.

காரணம் இது. இந்தச் செடிகள் வெயிலில் இலைத்துளையைத் திறப்பதில்லை, நீர் போய்விடும். இரவில் திறந்து கரியமில வாயுவை எடுத்து மாலிக் அமிலமாகச் சேர்த்துவைக்கும். பகலில் துளையை மூடிக்கொண்டு அந்த அமிலத்தை உடைத்துச் சர்க்கரை செய்யும். விடியற்காலையில் அமிலம் நிறைந்திருப்பதால் புளிப்பு. இதற்குக் கேம் முறை என்று பெயர். கேக்டஸ், அகேவ், சதைப்பற்றான பால்கள்ளி, ரணகள்ளி, சில ஆர்க்கிட்கள் என்று உறவே இல்லாத பல குடும்பங்களில் இது தனித்தனியாக வந்திருக்கிறது. யூஃபோர்பியாவுக்குள் மட்டுமே பல முறை.

இத்தனை சிக்கலான முறை இத்தனை தடவை எப்படி வரும்? அதற்கு வேண்டிய நொதிகள் எல்லாச் செடியிலும் வேறு வேலைக்காக ஏற்கெனவே இருக்கின்றன. எந்த நேரத்தில், எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. 2017-ல் ரணகள்ளியின் உறவுச் செடி ஒன்றின் முழு மரபணுத்தொகுதியை வாசித்தபோது, கரியமில வாயுவைப் பிடிக்கும் முக்கிய நொதி ஒன்றில் ஒரே இடத்தில் ஒரே அமினோ அமில மாற்றம் அதிலும் ஓர் ஆர்க்கிட்டிலும் தனித்தனியாக வந்திருப்பது தெரிந்தது. பருப்புக்கீரை இன்னும் ஒரு படி மேலே போகிறது. வெப்ப நிலப் புற்கள் பல பயன்படுத்தும், கரியமில வாயுவைச் செறிவாக்கிக்கொள்ளும் சி-4 முறையையும், வறட்சி வந்தால் கேம் முறையையும் அது ஒரே செல்லுக்குள் நடத்துகிறது என்று 2022-ல் காட்டினார்கள்.

டி.என்.ஏ.வே தனக்குத்தானே முரண்படும்போது

2017-ல் சகுவாரோவோடு வட அமெரிக்காவின் வேறு மூன்று தூண் கேக்டஸ்களின் மரபணுத்தொகுதிகளையும் ஒப்பிட்டார்கள். ஒரு மரபணுவை வைத்து வரைந்த மரம் ஓர் உறவைச் சொன்னது, அடுத்த மரபணு வேறொன்றைச் சொன்னது. இது ஆய்வுப் பிழை இல்லை. மூதாதைக் கூட்டத்தில் ஒரு மரபணுவுக்கு இரண்டு வடிவங்கள் இருந்தன என்று வையுங்கள். அந்தக் கூட்டம் சட்டென்று மூன்றாகப் பிரிந்தால், மூன்றுமே இரண்டு வடிவங்களையும் சுமந்துகொண்டு போகும். பிறகு ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று தங்கும், மற்றது அழியும். நெருங்கிய சகோதரிகள் இருவரிடம் வேறு வேறு வடிவமும், தூரத்து உறவிடம் ஒத்த வடிவமும் தங்கிவிடலாம்.

கேக்டஸில் இது மிகுதியாக நடக்கிறது. சகுவாரோ முதல் பூ பூக்கவே 35 ஆண்டு போல ஆகும். தலைமுறை இவ்வளவு நீளமாக இருந்தால் பழைய வடிவங்கள் அழிய ரொம்பக் காலம் பிடிக்கும். இதனால் ஒரு முக்கியத் திருத்தம் தேவைப்படுகிறது. தூரத்து இனங்கள் இரண்டில் ஒரே மாற்றத்தைப் பார்த்தவுடன் குவிபரிணாமம் என்று சொல்லிவிடக் கூடாது. அது ஒரே ஒரு தடவை நடந்து, மூதாதையிடமிருந்து கோணலாகப் பங்கு பிரிந்ததாகவும் இருக்கலாம்.

நடைமுறையில் எதற்கு உதவும்

1. களைக் கட்டுப்பாடு. ஒரு காலத்தில் தென்னிந்தியாவில் சப்பாத்திக்கள்ளி பெரும் நிலப்பரப்பை விழுங்கிக்கொண்டிருந்தது. 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு செதில்பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள், கள்ளிக்காடுகள் சரிந்தன. சதுரக்கள்ளிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அந்தப் பூச்சிக்குக் கேக்டஸ் மட்டும்தான் உணவு. எவ்வளவுதான் உருவம் ஒத்துப்போனாலும் பால்கள்ளி அதற்கு அந்நியம். இன்று ஒரு களைக்கு எதிரிப்பூச்சி தேடும்போது எந்த உள்ளூர்ச் செடிகளில் முதலில் சோதித்துப் பார்ப்பது என்பதை உறவு மரத்தை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.

2. எதைக் காப்பாற்றுவது. 2015-ல் வெளியான உலகளாவிய மதிப்பீடு, கேக்டஸ் இனங்களில் 31 விழுக்காடு அழியும் அபாயத்தில் இருப்பதாகச் சொன்னது. கேக்டஸ் குடும்பம் கிட்டத்தட்ட முழுவதும், சதைப்பற்றுள்ள யூஃபோர்பியாக்களும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. எல்லா இனத்துக்கும் ஒரே மாதிரி கவனம் கொடுக்கப் பணமும் ஆளும் போதாத நிலையில், லூயன்பர்கேரியா போல முழுக் குடும்பத்துக்கும் எதிரே தனியாக நிற்கும் ஒரு சிறு கிளை, எண்ணிக்கையில் கொஞ்சமாக இருந்தாலும் முன்வரிசையில் வர வேண்டும் என்பது என் கருத்து.

3. களவு. புதிதாகப் பெருகிய இனங்கள் பரவ நேரம் கிடைக்காமல் மிகச் சிறிய இடங்களில் ஒடுங்கியிருக்கின்றன. ஐஸ் பிளான்ட் கூட்டத்தைச் சேர்ந்த கோனோஃபைட்டம் என்ற குட்டிச் செடிகளில் சில இனங்களுக்கு ஒரு குன்றுச் சரிவுதான் மொத்த உலகம். 2019-க்குப் பிறகு தென் ஆப்பிரிக்காவில் அவற்றைப் பிடுங்கி வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு விற்பது மளமளவென்று கூடியது. பறிமுதல் செய்த செடிகளைத் திரும்ப நடுவதற்கும் அவை எந்தச் சரிவிலிருந்து வந்தவை என்று தெரிய வேண்டும். அதற்கு அந்தச் சரிவுகளின் டி.என்.ஏ. பதிவு, செடிகள் அங்கே நிற்கும்போதே எடுத்துவைக்கப்பட்டிருக்க வேண்டும்.